ஞாயிற்றுக்கிழமைச் சுருட்டு

இன்னாங்க,

நேற்று உளுந்தூர்பேட்டை பேருந்து நிலையத்தில் உங்களைத் தேடிவிட்டேன். சென்னையில் பையன் வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். கள்ளக்குறிச்சி வண்டிக்காகப் பையும் கையுமாக நின்றபோது பின்னாலிருந்து அந்த வாசனை வந்தது. பீடியும் டீசலும் நாறுகிற இடத்தில் அது மட்டும் தனியாகத் தெரிந்தது. கழுத்து தானாகத் திரும்பிவிட்டது. டீக்கடை ஓரமாக ஒரு லாரி ஓட்டுநர் குந்திக்கொண்டு நாட்டுச் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் முறைக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, கையைப் பின்னால் கொண்டுபோனார். பரவாயில்லை, பிடியுங்கள் என்றேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலமெல்லாம் நர்ஸாக இருந்து, புகை பிடிக்கிறவனைக் கண்டால் ஏசியே பழகிய வாய் இது. அது அப்படிச் சொன்னதைக் கேட்க எனக்கே விசித்திரமாக இருந்தது. அதற்குள் வண்டி வந்துவிட்டது. தியாகதுருகம் தாண்டும்வரை ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு வந்தேன்.

நீங்கள் போய் ஒரு வருஷமும் சில மாதங்களும் ஆகிவிட்டன. உங்கள் தெவசத்தன்று வீட்டில் நடந்த ஒன்றை இன்னும் உங்களிடம் சொல்லவில்லை. அதைச் சொல்வதானால் முதலிலிருந்து வர வேண்டும். நடுவிலிருந்து எதைச் சொன்னாலும், "இரு இரு, மொதல்ல இருந்து வா" என்பீர்களே.

கல்யாணத்துக்கு முன்பு நீங்கள் சிகரெட் பிடித்தவர். பெண் பார்க்க வந்த இடத்தில் என் அப்பா கேட்ட ஒரே கேள்வி அதுதான். விட்டுவிடுகிறேன் என்று சொன்னீர்கள், விட்டும்விட்டீர்கள். அதற்குப் பிறகு சர்க்கரை ஆலையின் ஆய்வுக்கூடத்தில், கரும்புச் சாற்றைக் குழாயில் ஊற்றி ஊற்றிப் பார்த்தே வேலைக்காலம் முழுக்கப் போயிற்று. ஓய்வு பெற்றபோது ஆலையில் சால்வை போட்டார்கள், சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். முதல் தடவை வெளிநாடு போய்விட்டு வந்த நம் பையன் மட்டும் ஒரு சின்ன மரப்பெட்டியைக் கொடுத்தான். திறந்தால் ஐந்து சுருட்டுகள். அவன் முதலாளி அதைத்தான் பெரிய மனிதர்களுக்குக் கொடுப்பாராம். அவனுக்கு அப்பா பெரிய மனிதர்.

நீங்கள் பெட்டியைப் பார்த்தீர்கள். அப்புறம் என்னைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வை இருக்கிறதே, ஊசி போட வரும் பிள்ளைகள்கூட அப்படிப் பார்த்ததில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அங்கேயே தோற்றுவிட்டேன். வாரத்துக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமை மட்டும், வீட்டுக்குள் கூடாது, நானும் கூட வருவேன் என்று சட்டம் போட்டேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினீர்கள்.

அந்த முதல் ஞாயிறு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நுனியை வெட்ட வேண்டும் என்று கைபேசியில் பார்த்துவிட்டு, என் அரிவாள்மனையில் வெண்டைக்காய் நறுக்குகிற மாதிரி ஒரு அங்குலம் நறுக்கினீர்கள். மேல் இலை அப்படியே சுற்றுப் பிரிந்து தொங்கியது. அதையும் எச்சில் தொட்டு ஒட்டிக்கொண்டு, ஸ்கூட்டரில் என்னை ஏற்றிக்கொண்டு கோமுகி அணைக்குக் கிளம்பினீர்கள். கரையில் அடித்த காற்றில் ஒரு தீப்பெட்டி முழுக்கக் காலியானது. கடைசியில் எப்படியோ பற்றியது. பழைய ஞாபகத்தில் சிகரெட்டை இழுக்கிற மாதிரி நெஞ்சு நிறைய இழுத்தீர்கள். மதியம் சரியாகச் சாப்பிடவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் முகமெல்லாம் வேர்த்து, அணைத் தண்ணீரைப் பார்த்தபடி வாந்தி எடுத்தீர்கள். நான் ஒரு கையில் நாடி பிடித்துக்கொண்டு, மறு கையால் கடலைமிட்டாயை உங்கள் வாயில் திணித்தேன். இதற்குத்தானா இத்தனை ஆசை என்று கேட்டேன். கையெடுத்துக் கும்பிட்டீர்கள்.

வேறு ஆளாக இருந்தால் அன்றோடு விட்டிருப்பார். நீங்கள் ஆய்வுக்கூடத்து ஆளாயிற்றே. அடுத்த வாரம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்தீர்கள். மூடி மாதிரி இருக்கும் அந்த நுனியை மட்டும் பிளேடால் மெல்லச் சீவினீர்கள். வாயில் வைப்பதற்கு முன்னால் அடிப்பக்கத்தைத் தீக்கு மேலே காட்டி, அப்பளம் சுடுவது போலத் திருப்பித் திருப்பிச் சூடுபண்ணினீர்கள். புகையை வாயோடு நிறுத்தி வெளியே விட்டீர்கள். அதற்கப்புறம் ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருந்தீர்கள். என்ன, அணைந்துவிட்டதா என்று கேட்டேன்.

"இது ஊதிக்கினே இருக்கறதுக்கு இல்ல. உக்காந்துகினு இருக்கறதுக்கு," என்றீர்கள்.

அந்த வார்த்தையை ஆறு வருஷம் எத்தனையோ தரம் சொல்லிவிட்டீர்கள். எனக்கு அதன் அருமை மெதுவாகத்தான் தெரிந்தது. ஒரு சுருட்டு முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரம் நீங்கள் எங்கேயும் எழுந்து போக முடியாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து உங்களுக்கு ஆலையில் கரும்பு அரவைக் காலத்தில் இரவு வேலை, எனக்குப் பிரசவ வார்டு. ஒருவர் வருகிறபோது மற்றவர் கிளம்புவோம். பேச வேண்டியதைக் கதவைப் பூட்டுகிற நேரத்தில் பேசித்தான் பையனையே வளர்த்தோம். அப்படிப்பட்ட நமக்கு வாரத்தில் ஒரு மாலை, பக்கத்தில் பக்கத்தில். நான் கடலை உரித்துக்கொண்டே உங்கள் அம்மாவைப் பற்றிக் குறை சொல்வேன். உங்கள் வாயில் சுருட்டு இருப்பதால் பதில் வராது. இதைவிட ஒரு பெண்ணுக்கு என்ன வேண்டும்?

காற்று ஜாஸ்தியான மாதங்களில் மலை ஏறிவிடுவோம். கரியாலூர் பக்கம் காற்று மறைவான ஒரு வளைவில் பாறை மேல் உட்கார்ந்திருந்தபோது சாமை மூட்டையோடு வந்த மலைக்காரர் ஒருவர், மூட்டையை இறக்கி வைத்துவிட்டு உங்கள் கையையே பார்த்தார். ஒன்றை எடுத்துக் கொடுத்தீர்கள். பாதியாக ஒடித்து ஒரு பாதியைக் காதில் சொருகிக்கொண்டு, மறு பாதியை நாலே இழுப்பில் முடித்தார். எப்படி இருக்கிறது என்று ஆவலாகக் கேட்டீர்கள். "காரம் கம்மிங்க," என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அது நிகராகுவா நாட்டிலிருந்து வந்த உசத்திச் சுருட்டு. வீடு வந்து சேரும்வரை நான் சிரித்தேன். நீங்கள் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே, சொன்னது சரிதான், அவர் பிடித்துப் பழகியது வேறு என்று பெரிய மனதோடு சொன்னீர்கள்.

இதற்கிடையில் சேர்க்கிற பைத்தியமும் பிடித்தது. பையன் எங்கே போனாலும் ஒன்றிரண்டு வாங்கி வருவான். திருச்சிப் பக்கம் கல்யாணத்துக்குப் போனால் நீங்கள் அங்கத்தியச் சுருட்டை வாங்கி வருவீர்கள். இருபதைத் தாண்டியதில்லை, ஆனால் பேச்சென்னவோ கிடங்கு வைத்திருப்பவர் பேச்சு. காய்ந்தாலும் கெட்டது, ஈரம் கூடினால் பூசணம் என்று சொல்லி, காற்றுப் புகாத என் அரிசி டப்பாவைப் பறித்துக்கொண்டீர்கள். பேட்டரிக் கடையில் சுத்தத் தண்ணீர் வாங்கி வந்து பஞ்சை நனைத்து உள்ளே வைத்தீர்கள். ஈரம் காட்டுகிற ஒரு குட்டி மீட்டர் வந்தது. அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, பாட்டில் மூடியில் கல்லுப்பை நனைத்து அதோடு மீட்டரை ராத்திரி முழுக்க மூடி வைத்தீர்கள், எழுபத்தைந்து காட்டினால் சரியாம். காலையில் எழுந்ததும் காபிகூடக் கேட்காமல் அதைப் போய்ப் பார்த்தீர்கள். சுருட்டைச் சுற்றி வரும் காகித வளையங்களைப் பீரோ கதவின் உள்பக்கம் வரிசையாக ஒட்டினீர்கள். அதற்குப் பக்கத்துக் கண்ணாடியில்தான் நான் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வைப்பேன். இடம் உனக்கா எனக்கா என்று அதற்கும் ஒரு சண்டை.

ஒரு சித்திரை மாதம், வெயில் உச்சத்தில் இருந்தபோது, சுருட்டுகளில் குண்டூசி குத்திய மாதிரி ஓட்டைகள் விழுந்தன. வண்டு. டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் நின்றீர்கள். நானிருக்க என்ன பயம் என்று, நீங்கள் தூங்குகிற நேரம் பார்த்து, அரிசிக்குப் போடுகிற மாதிரி நிழலில் உலர்த்திய வேப்பிலையும் இரண்டு துண்டு வசம்பும் உள்ளே போட்டு இறுக்கி மூடிவிட்டேன். வண்டு போனது உண்மை. ஆனால் டப்பாவைத் திறந்தால் கியூபாவும் இல்லை, நிகராகுவாவும் இல்லை, பச்சைக் குழந்தையின் தொட்டில் வாசனைதான் வந்தது. பையனைக் கேட்டால் ஃப்ரீசரில் வைத்திருந்தாலே வண்டு செத்திருக்குமே அம்மா என்று தலையில் அடித்துக்கொண்டான். நீங்கள் ஒன்றைக்கூடத் தூக்கிப் போடவில்லை. ஞாயிறுதோறும் ஒன்றாக, அந்த வசம்புச் சுருட்டுகள் அத்தனையையும் பிடித்துத் தீர்த்தீர்கள்.

"இன்னா, புள்ள பெத்த வூட்டுல உக்காந்து புடிக்கிற மாரி கீது," என்றீர்கள். அவ்வளவுதான் உங்கள் புகார்.

அன்றைக்கு நான் கேட்க நினைத்துக் கேட்கவில்லை: உங்களுக்கு என்மேல் கோபமே வராதா?

போன தை மாதத்துக்கு முந்திய தையில், ஒரு காலை வேளை, முகம் மழித்துக்கொண்டிருந்தீர்கள். குவளை விழுந்த சத்தம் கேட்டுத்தான் ஓடி வந்தேன். ஈரத் தரையில் உங்களைப் படுக்க வைத்து நெஞ்சை அழுத்தினேன். எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறேன், எழுந்து உட்கார்ந்திருக்கிறார்கள், பண்டிகைக்குப் பலகாரம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். உங்களுக்கு அது பலிக்கவில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை அழுத்திக்கொண்டே இருந்தேன். பாதி முகத்தில் சோப்பு நுரை அப்படியே இருந்தது. வண்டியில் போகும்போது முந்தானையால் துடைத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். சர்க்கரை உண்டா, உண்டு. புகை உண்டா? வாரத்துக்கு ஒன்று என்றேன். அந்த நேரம் பார்த்துத்தான் திருக்கோவிலூரிலிருந்து உங்கள் தங்கை மல்லிகா வந்து என் பின்னால் நின்றிருக்கிறாள். உங்கள் சுருட்டு விஷயம் அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். தங்கைக்குத் தெரிந்தால் அழுவாள் என்று நீங்கள்தானே மறைத்து வைத்தீர்கள்.

கருமாதிப் படையலில் உங்களுக்குப் பிடித்ததையெல்லாம் வைத்தேன். இட்லி, ஆட்டுக்கறிக் குழம்பு, ஜாங்கிரி. ஓரமாக டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தேன். செத்தவர்களுக்குப் பிராந்தியும் பீடியும் வைக்கிற ஊர்தானே இது, யாருக்கும் அது புதிதில்லை. மல்லிகா குனிந்து, இரண்டு விரலால் அதை எடுத்து, வாசலைத் தாண்டிச் சாக்கடையில் போட்டாள்.

"நர்ஸா இருந்துகினு நீயே வாங்கிக் குடுத்திருக்கிற. எங்கண்ணன இதான் தின்னுச்சி. அத வேற இலையில வைக்கிறியா அண்ணி?"

பையன் தரையைப் பார்த்தான். அன்று மாலையே அவள் ஊருக்குப் போய்விட்டாள். அதன் பிறகு போன் இல்லை, பொங்கலுக்கு வரவில்லை. நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை.

அவள் சொன்னது பொய் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். உங்கள் அப்பாவும் இதே வயதில், இதே மாதிரித்தான் விழுந்தார். உங்களுக்குச் சர்க்கரை இருந்தது. கறியைக் குறை என்றால் கேட்கமாட்டீர்கள். சுருட்டுக்கும் அதில் பங்கு உண்டா என்று நர்ஸைக் கேட்டால் உண்டு என்றுதான் சொல்லியாக வேண்டும். ஆனால் உங்கள் பெண்டாட்டியைக் கேட்டால், அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றைக்கூடத் திருப்பிக் கொடுக்க மாட்டேன் என்பாள். இந்த இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு நான் அந்த வருஷம் முழுக்கத் தூங்கவில்லை.

டப்பாவில் ஏழு மிச்சம் இருந்தன. அலுவலகத்தில் கொடுத்தால் சந்தோஷப்படுவார்கள் என்றான் பையன். இருக்கட்டும் என்றேன். வாரம் தவறாமல் பஞ்சை நனைத்தேன், வெயில் ஏறியதும் ஃப்ரீசரில் மீனுக்குப் பக்கத்தில் வைத்து எடுத்தேன். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. உங்கள் இலையிலிருந்து எடுத்து எறிந்ததைத் தெவசத்தன்றாவது திரும்ப வைக்க வேண்டும். வெறும் இலையோடு உங்களை இன்னொரு தடவை அனுப்ப என்னால் முடியாது. மல்லிகா வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அவள் வராமல் போனால் உங்களுக்கு வருத்தமாக இருக்குமே என்று உடனே அதை மாற்றியும் வேண்டிக்கொண்டேன்.

அவள் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். ஒரு சீப்பு வாழைப்பழம், வெற்றிலை பாக்கு. என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக அடுப்படிக்குப் போய் வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டாள். அந்த ஏழில், பையன் புதுவீடு கட்டிக் குடிபோகும்போது பிடிக்க என்று நீங்கள் வைத்திருந்த தடிச் சுருட்டை நான் இடுப்பில் செருகி வைத்திருந்தேன். கற்பூரம் காட்டும்போது எல்லாரும் கண்ணை மூடுவார்கள், அப்போது இலையில் வைத்துவிடலாம் என்பது என் திட்டம். நர்ஸ் வேலை பார்த்தவள், இந்த வயதில் திருடி மாதிரி நிற்கிறேன்.

இலை போட்டாயிற்று. எல்லாம் பரிமாறியாயிற்று. மல்லிகா தன் பையைத் திறந்து, ஒரு செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். உள்ளே பெட்டிக்கடை நாட்டுச் சுருட்டு இரண்டு. அதை இலை ஓரத்தில் வைத்தாள்.

"போன வருசம் நான் எடுத்துப் போட்டேன் இல்ல. அதுல இருந்து அண்ணன் கனவுல வந்து இலையவே பாத்துக்கினு உக்காந்துகினு கீது. எதையுமே தொட மாட்டுது அண்ணி."

என் இடுப்பில் இருந்ததை நான் எடுக்கவில்லை. அவள் கடையில் நின்று, ஆண்களுக்கு நடுவே கேட்டு வாங்கியது அது. உங்களுக்கு அந்தக் காட்டம் பிடித்திருக்காது, தெரியும். அன்றைக்கு அதைத்தான் நீங்கள் பிடித்தாக வேண்டும்.

ஆனால் சும்மா வைத்தால் போதாதே, பற்ற வைத்து வைக்க வேண்டும். பையன் ஊதுபத்தி கொளுத்துகிற மாதிரி தீயைக் காட்டினான். கருகியது, பற்றவில்லை. வாயில் வைத்து இழுத்தால்தான் பற்றும். கூடத்தில் நாலைந்து ஆண்கள் நின்றார்கள். ஒருவருக்கும் என் எதிரில் அதை வாயில் வைக்கத் தைரியமில்லை. ஒவ்வொருவரும் எப்போதோ ஒருமுறை என்னிடம் ஏச்சு வாங்கியவர்கள்.

நான் வாங்கிக்கொண்டேன். நுனியை நகத்தால் கிள்ளினேன். தீக்குச்சியைக் கீழே பிடித்துத் திருப்பித் திருப்பிச் சூடு காட்டினேன். கையெல்லாம் உங்கள் கையாகத்தான் வேலை செய்தது. அப்புறம் வாயில் வைத்து இழுத்தேன். நெருப்பு ஏறியது. உங்கள் படத்துக்கு முன்னால் தட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

ஈரச் சுருட்டு போலிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் நெருப்பு மங்கியது. மல்லிகா என் கையைப் பிடித்தாள்.

"அண்ணி, அணைஞ்சிடப் போவுது. இன்னொரு தபா இழு."

இழுத்தேன். இருமல் வந்தது, அதோடு அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. என்னால் முடியவில்லை என்று தலையாட்டினேன். அவள் என் கையிலிருந்து வாங்கி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, தானே ஒரு இழுப்பு இழுத்தாள். அவளும் இருமினாள். திரும்ப என்னிடம் கொடுத்தாள். பையன் காக்கைக்கு வைத்ததும் மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். அவன் ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். நாங்கள் இருவரும் உங்கள் முன்னால் தரையில் உட்கார்ந்து, அது அணைய விடாமல் மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டிருந்தோம். நடு நடுவே அவள் உங்களைப் பற்றிச் சின்ன வயதுக் கதைகளைச் சொன்னாள். ஒரு மணி நேரம் இருக்கும்.

பிடிக்க முடியாத அளவுக்குக் குட்டையாகிப் போனது. போதும் விடு அண்ணி என்று அவள் சொல்லியும் நான் விடவில்லை. இன்னும் ஒரு இழுப்பு பாக்கி இருக்கிறது, அதுவரைக்கும் நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள் என்று தோன்றியது. விரல் சுட்டுக் கொப்புளம் வந்தது. என் காயத்துக்கு நான் மருந்து போடவில்லை. அப்படியும் பத்துப் பதினைந்து நாளில் ஆறிவிட்டது. இப்போது அந்த இடத்தில் ஒன்றும் இல்லை, தடவினாலும் தெரியவில்லை. ஆறாமல் இருந்திருக்கலாம்.